நாலாவது தறி

எங்கள் வீட்டில் தறிச் சத்தம் இல்லாமல் யாருக்கும் தூக்கம் வராது. சோமனூர்ப் பக்கத்துக் கிராமம்; வீட்டை ஒட்டியே குடோன், அதில் நான்கு விசைத்தறிகள். அப்பா வழக்கமாக மூன்றைத்தான் ஓட்டுவார். நாலாவது பழசு. அதன் லொடலொடப்பு மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் சில மத்தியானங்களில், அம்மாவும் குடோனுக்குள் வேலையாக இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு அதையும் ஓட்டுவார். அது தொடங்கியதுமே எனக்கு வயிற்றைப் பிசையும், பாவாடை நனைந்துவிடும். அப்போது எனக்கு எட்டு வயது.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். அத்தை மந்திரித்த கயிறு கட்டினாள். தறிக்காரன் மகளுக்குத் தறியைக் கண்டு பயமா என்று ஊரே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா.

அம்மாவின் அண்ணன் பெருந்துறையில் லேத் பட்டறை வைத்திருந்தார். மிஷினைப் பழகிக்கொண்டால் பயம் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. அப்பா பாவு நூல் வாங்கப் பல்லடம் போயிருந்த ஒருநாள் என்னைக் குடோனுக்குள் அழைத்துப் போனார்.

"நீயே ஓட்டு கண்ணு, நீயே நிறுத்து. அவ்வளவுதான்."

முதல் தறியின் கைப்பிடியைத் தள்ளினேன். ஓடியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஓடின. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நாலாவதையும் அதே சிரிப்போடுதான் தள்ளினேன். சத்தம் எழுந்ததும் கால் வழியே இறங்கிவிட்டது.

வெட்கத்தோடு மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்த அம்மாவின் தம்ளர் கீழே உருண்டு கிடந்தது. அவள் சுவரோடு ஒட்டி, முழங்கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்பா ஊரிலேயே இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாமா தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

"எத்தனை நாளா நடக்குது அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. பழைய தறி, சத்தம் சாஸ்தி."

"துணிமணிய எடுத்துக்க. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

அம்மா அடி வாங்கும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத்தான் அந்தத் தறி ஓடியது என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அது ஓடி ஓய்ந்த நாட்களில் அம்மா தொட்டியடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்பாள். நான் நம்பினேன். என் வயிறு மட்டும் நம்பவில்லை போலிருக்கிறது.

பெருந்துறை பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நான் பாவாடையை நனைத்ததால்தான் வீட்டை விட்டுப் போகிறோம் என்று நினைத்தேன்.

"இனிமே நனைக்க மாட்டேன்மா. ஊட்டுக்குப் போயிரலாம்."

தினமும் இதையே சொல்லி அவள் சேலையைப் பிடித்துக் கெஞ்சினேன். எட்டாம் நாள் அப்பா வந்து கூப்பிட்டார். அனுப்ப முடியாது என்றார் மாமா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.