இரண்டாவது சத்தம்

முதலில் ஷூவைக் கழற்றுவார். அடுத்து கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப்பையிலிருக்கும் பேனா, சாவிக்கொத்து. எல்லாவற்றையும் வண்டிக்குச் சொந்தக்காரர் கையில் கொட்டிவிட்டு, "பத்திரம்மா, அது கல்யாண மோதிரம். தொலைஞ்சா நம்ம ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுது" என்பார். பிறகு டிக்கிக்குள் ஏறி, முழங்காலை மார்போடு மடக்கி, ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "கதவ இறக்குங்க. நாப்பதுல போங்க. பள்ளத்தப் பாத்து ஒதுங்காதீங்க, விழுந்து எழுந்து போங்க."

உயிரோடு இருக்கும் ஒரு மனிதர்மேல் டிக்கிக் கதவை இறக்கும்போது கை கூசத்தான் செய்யும். முதல் தடவை நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "அட சாத்துங்கம்மா, எனக்குப் பழகிப்போச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முன்னால் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்த பிறகும், பின்னால் ஒருவர் மூச்சுக்கூடக் கேட்காமல் படுத்திருக்கிறார் என்பது பிடரியில் உறைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை, "அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. வேலை நேரத்தில் அவர் பேசுவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடையாள அட்டையில் 'இரைச்சல், அதிர்வுப் பரிசோதகர்' என்று போட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கு நேரமிருக்கிறது? வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் காதண்ணன். வயது ஐம்பத்திரண்டு. காது பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். சின்னக் காதுதான், ஓரம் மடங்கிய, குழந்தைக்கு இருப்பது போன்ற காது.

வேலைநாளில் மொறுமொறுப்பான எதையும் மெல்ல மாட்டார். மென்ற சத்தம் ஒரு மணி நேரம் மண்டைக்குள் நிற்குமாம். போனில் மணியும் கிடையாது, அதிர்வும் கிடையாது. வேண்டுமென்றால் நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். வீட்டுச் சுவர்க்கடிகாரம் பால்கனியில் தொங்குகிறது. ஒருநாள் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த அவர் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டார். "இவர வெச்சுக்கிட்டு ஒரு ரகசியம் பேச முடியாதுங்க. பக்கத்து வீட்ல நின்னு நான் முணுமுணுத்தா, எங்க வீட்லேருந்து பதில் வருது."

அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். நடுத்தர அளவு எஸ்யூவிதான் என்று முடிவான நாளிலிருந்து மனிதர் சோறு தண்ணீரை மறந்தார். ஒன்பது மாதம். சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டி, மூன்று வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். ஒன்றில் டிக்கி பெரியது, ஆனால் பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவர் முழங்காலை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று பெட்ரோலை முகர்ந்து பார்த்தே ஓடிவிடும், ஆனால் ஏற்றத்தில் பெருமூச்சு விடும். மூன்றாவது வண்டி அமைதியானது. ஓட்டிப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த விற்பனையாளர் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது, அவ்வளவு அமைதி. அதைத்தான் வாங்கினோம்.

வாங்கிய முதல் வாரமே வண்டியின் திரை என் போனை அடையாளம் தெரியாது என்றது. அடுத்த வாரம் டயர் காற்று விளக்கு சும்மா எரிந்தது. பறந்துவந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்து வண்டி தானாகவே பிரேக் போட்டு எங்கள் மூவரின் உயிரையும் வாங்கியது. இதற்கெல்லாம் அறுநூறு பக்கக் கையேட்டில் விடை இருந்தது. ஐந்தாவது வாரம் கேட்ட சத்தத்துக்கு இல்லை. பின்பக்கம், இடதுபுறம், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு 'டொக்'.

"உனக்குப் பிரமை" என்றார் வீட்டுக்காரர். மகள் காதிலிருந்து இயர்போனை எடுக்காமலே அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். மூன்று தடவை சர்வீஸுக்குப் போனேன். மூன்று தடவையும் 'சத்தம் தென்படவில்லை' என்று எழுதி, வண்டியைக் கழுவித் தந்தார்கள். நாலாவது தடவை கவுண்டரில் நின்று, "யாரு காதுல பூ சுத்துறீங்க?" என்று ஒரு கத்து கத்தினேன். அதன் பிறகுதான் காதண்ணனை அனுப்பினார்கள்.

முதல் ஓட்டம் முடிந்து டிக்கியைத் திறந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"உங்களுக்கு எத்தன கேக்குது?"

"ஒண்ணுதாண்ணே."

"ரெண்டு இருக்கு."

பின்சன்னலுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பி எடுத்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ஒரு பென்சில் துண்டை எடுத்தார். யாரோ மென்று துப்பிய பென்சில். முனையில் பல் தடம் இன்னும் தெளிவாக இருந்தது. எங்களுக்கு முன்னால் யாரும் தொடாத வண்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வண்டி அது. எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது.

"தொழிற்சாலைல யாரோ மறந்திருக்கான். இதுக்கே முகத்த சுளிச்சா எப்படிம்மா?" என்று சொல்லி, தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தகர டப்பாவைக் காட்டினார். எல்லாம் புது வண்டிகளுக்குள் கிடைத்தவை. ஒரு சட்டைப் பொத்தான், பாதிச் சீப்பு, கூழாங்கல், ஒரு பால் பல். பல், திருகு போட்டு மூடிய கதவுக்குள் இருந்ததாம். எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் நான் கேக்கறதில்ல. சத்தம் நின்னுதா, அதோட சரி" என்று டப்பாவை மூடிவிட்டார்.

நாங்கள் வாங்காமல் விட்ட இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொன்னேன். இதே பென்சில் அவற்றில் கிடந்திருந்தால் எஞ்சின் இரைச்சலில் முழுகிப்போயிருக்கும் என்றார். அமைதியான வண்டி வாங்குகிறவர்களுக்குத்தான் எல்லாம் கேட்கும். பிறகு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "இன்னொரு விஷயமும் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. புது வண்டில சத்தம்னு வர்றவங்கள்ல பாதிப் பேரு, வண்டிக்குள்ள பேச்ச நிறுத்திட்டவங்க." எனக்குச் சுருக்கென்றது. மகள் காதில் இயர்போன், வீட்டுக்காரர் கண் போனில், நான் ஸ்டியரிங்கில். இவருக்கு யார் சொன்னார்கள்?

நான் கேட்ட 'டொக்' பென்சிலோடு போய்விட்டது. அவருக்கு மட்டும் கேட்ட அந்த இரண்டாவது சத்தத்துக்காக அவர் வண்டியை விட மறுத்தார். அவரிடம் போன எந்த வண்டியும், அவர் கையெழுத்துப் போடாமல் இப்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டாது. ஆறு வருடத்துக்கு முன்னால் வேறு எவர் காதுக்கும் எட்டாத ஒரு சத்தம் ஒரு வண்டியில் கேட்கிறது என்றிருக்கிறார். சொந்தக்காரர் சண்டை போட்டு எடுத்துப் போனார். பன்னிரண்டாம் நாள், ஓடுகிற வண்டியிலிருந்து பின்சக்கரம் கழன்று தனியாக உருண்டுபோனது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தது பெரிய விஷயம். இந்தக் கதையை மேனேஜர்தான் என்னிடம் சொன்னார். மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவது அந்த வண்டியில்தான்.

என் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி என்பதால், தினமும் மதிய இடைவேளையில் போய்ப் பார்ப்பேன். சீட்டைக் கழற்றியிருப்பார். கூரைத் துணியைப் பிரித்திருப்பார். மருத்துவர் வைத்துப் பார்ப்பது போன்ற குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, வண்டியின் எலும்புக்கூட்டில் அங்குலம் அங்குலமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எப்படிண்ணே இருக்கு அந்தச் சத்தம்?"

"வெளிய விடச் சொல்லித் தட்டுற மாதிரி இல்லம்மா. உள்ள யாரோ உக்காந்துக்கிட்டு, பொழுது போகாம, விரல்ல தட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி." சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தார். "அதுலயும் வருது."

அடுத்த வண்டி என்றால் அடுத்த வண்டி மட்டுமல்ல. முதல் வாரம் அவர் கையெழுத்துப் போடாத வண்டிகள் மூன்று. இரண்டாவது வாரம் ஏழு. பத்தொன்பதாம் நாள் பதினொன்று. வெயிலில் வரிசையாக, சீட்டு இல்லாமல், கதவு திறந்து கிடந்தன. நடுவில் அவர் ஒவ்வொரு வண்டியாக ஏறிப் படுத்து, எழுந்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். பட்டறைப் பையன்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த இடத்தில் குசுகுசுப்புதான் கேட்டது. அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை மேனேஜர் அவரை என் முன்னாலேயே கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான்.

"பதினோரு வண்டிண்ணே. நாலு மாடல். எல்லாத்துலயும் ஒரே சத்தமா?"

"ஆமா சார்."

"மைக் வெச்சுப் பாத்தாச்சு. மெஷின்ல ஒரு கோடு அசையல. நாளைக்கு வரைக்கும் நான் சமாளிக்கிறேன். ஒண்ணு சத்தத்தக் காட்டுங்க, இல்லன்னா எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுங்க. ரெண்டும் இல்லன்னா உங்களக் காது டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. காது சரியில்லன்னு அவர் ஒரு வார்த்த எழுதினா, அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இல்லண்ணே."

அவர் கோபப்படவில்லை. "இருவத்தாறு வருஷம் சார். கேக்காதத கேக்குதுன்னு நான் சொன்னதே இல்ல" என்றார். வெளியே வந்ததும் என் வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, தனக்குள் பேசுவது போலச் சொன்னார். "வண்டிலதான் இருக்கு. வண்டிலதான் இருக்கணும்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நண்பகல். மூடிக்கிடக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி இருக்கிறது. மரம் இல்லை, வீடு இல்லை, சாலை தூரத்தில். சீட்டுகளை மாட்டி என் வண்டியை அங்கே கொண்டுவந்திருந்தார். என்னை ஓட்டச் சொன்னார். வழக்கம்போலப் பொருள்களை என் கையில் கொட்டினார், ஆனால் மோதிரத்தைப் பற்றிய பேச்சு வரவில்லை. படுத்தார். கதவை இறக்கினேன். நாற்பதில் இரண்டு சுற்று ஓட்டினேன். அன்று வேலை நேரத்திலும் பேசினார்.

"வருது. எஞ்சின ஆஃப் பண்ணுங்க."

அணைத்தேன். ஏசி நின்றது. வெளியே ஓர் இலை அசைய இடமில்லை. என் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

"இப்பண்ணே?"

பின்னால் அவர் ஒருமுறை புரண்டு படுத்தார்.

"வருது."

ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் அப்படிப் படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை. எஞ்சின் சூடு ஆறும்போது இரும்பு சிணுங்கும், அதுவாக இருக்கும் என்று ஏதோ எனக்குத் தெரிந்த மாதிரி உளறினேன். அவர் மெதுவாக இறங்கி நின்றார்.

"நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்கம்மா. அதோ, கோடில தெரியுற மதில் வரைக்கும் போய் நில்லுங்க. நான் இங்கயே நிக்கிறேன். சத்தம் வண்டியோட போயிடுச்சுன்னா கையத் தூக்குறேன்."

"சரிண்ணே."

"மெதுவாப் போங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பத்தொன்பது நாளும் அந்தச் சத்தம் அவர் காதில்தான் இருக்க வேண்டும், என் வண்டியில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு என் பிள்ளை. ஆனால் அந்த வெயிலில் அவரை ஒற்றையாக விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது வேண்டுதல் தலைகீழாக மாறிவிட்டது. கெட்ட வண்டியாகவே இருந்து தொலையட்டும். சக்கரம் கழலட்டும். இவர் கை மட்டும் மேலே போகட்டும்.

மதிலை அடைந்து நிறுத்தினேன். நடுக்கண்ணாடியில் அவர் ஒரு விரல் உயரத்துக்குத் தெரிந்தார். அசையாமல் நின்றார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வண்டிக்குள் எந்தச் சத்தமும் இல்லை, வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே நல்ல அமைதி.

வலது கை மெல்ல எழுந்தது. "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லி நான் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்துவிட்டேன்.

கை தோள் வரை வந்தது. தோளைத் தாண்டிக் காதருகே வந்ததும் நின்றது. உள்ளங்கை காதைப் பொத்தியது. பிறகு இடது கையும் வந்து மறு காதை இறுகப் பொத்தியது. அப்படியே நின்றார், வெட்டவெளியில், இரண்டு முழங்கையும் விரிந்திருக்க. தலை மட்டும் ஒரே சீராக, எதற்கோ தாளம் போடுவதுபோல, அசைந்துகொண்டே இருந்தது.