மடப்பள்ளிக்காரர் வீட்டு நாயின் காது

"இத எங்கனா வுட்டுடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துடுங்க மேடம்."

கால்நடை கிளினிக்குக்குள் நுழையும்போதே பரமேஸ்வரன் சொன்னது இது. மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பம் அவருடையது. கையில் பிடித்திருந்தது பப்லு, தொங்குகாது லேப்ரடார். முந்தின நாள் அவருடைய ஐந்து வயது மகளின் கையைக் கடித்துவிட்டதாம். குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. பின்னால் வந்த மனைவி கோமதி அழுதுகொண்டிருந்தார்.

"அரக்கோணம் ஸ்டேஷன்ல வுட்டுட்டு வரேன்றாருங்க. குட்டில இருந்து வளத்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்ட நான் அப்போது அங்கே உதவியாளன். அப்படி விடப்பட்ட நாய்கள் என்ன கதிக்கு ஆளாகும் என்று பார்த்தவன். நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வாயெடுத்தேன். டாக்டர் ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தார். கப்சிப்.

"கொழந்த எங்க தொட்டப்ப கடிச்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

"காதப் புடிச்சி கொஞ்சிகினு இருந்தா" என்றார் கோமதி.

டாக்டர் உடனே எழுந்துவிட்டார். நான் வாய்க்கட்டு போட்டுப் பிடித்துக்கொண்டேன். அவர் காதைத் தூக்கி, குனிந்து முகர்ந்தார். புளித்துக் கெட்ட மாவு வாடை எனக்கே அடித்தது. உள்ளே சிவந்து, பழுப்பு அழுக்கு அப்பிக் கிடந்தது. காதுக்குள் பார்க்கிற ஆட்டோஸ்கோப்பை வைத்துப் பார்த்ததில் செவிப்பறை கிழியவில்லை. அழுக்கை ஸ்லைடில் தடவிப் பார்த்தால் மைக்ராஸ்கோப் நிறைய ஈஸ்ட் பூஞ்சை.

"தலைய ஒதறுதா?"

"ரொம்ப நாளா ஒதறுதுங்க. ஈ தொல்லைன்னு நெனச்சோம். பூண்டு எண்ண கூட காச்சி வுட்டேன்" என்றார் கோமதி.

"இனிமே எண்ண வேணாம்மா. எப்படி குளிப்பாட்டுவீங்க?"

"தெனமும் தலையோட ரெண்டு பக்கெட்டு" என்று பரமேஸ்வரன் பெருமையாகச் சொன்னார். "எங்க வீட்ல மடி. குளிக்காம யாரும் உள்ள வர முடியாது. இவனுக்கும் அதேதான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் சிரிக்கக்கூட இல்லை.

"நம்ம காது நேரா போவுது. நாய்க்கு கீழ எறங்கி உள்ள திரும்புது. மேல தொங்குகாது வேற மூடிக்கிது. போன தண்ணி காயவே காயாது. அதான் புண்ணு. இவன் கெட்டவன் இல்லீங்க. வலி தாங்காம கடிச்சிட்டான்."

பரமேஸ்வரன் குனிந்து நாயைப் பார்த்தார். அப்புறம், "குளிப்பாட்டாம எப்படி உள்ள வுடறது மேடம்?" என்றார்.

நானாக இருந்தால் மடியாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்தியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "கழுத்துக்குக் கீழ மட்டும் ஈரத்துணியால தொடச்சா, உங்க மொறையில ஒத்துக்குமா?"

அவர் யோசித்தார். "ஒடம்பு முடியலன்னா எங்களுக்கே கழுத்தளவு குளியல்தான். ஆங், ஒத்துக்கலாம்."

டாக்டருக்கு எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு சாமர்த்தியம்! பரமேஸ்வரனின் ஆசாரத்தையும் காப்பாற்றி நாயையும் காப்பாற்றிவிட்டாரே. காது கழுவும் க்ளீனர் மருந்தை ஊற்றிக் காதின் அடியைப் பிசைவது, பஞ்சால் துடைப்பது, பிறகு சொட்டு மருந்து விடுவது எல்லாம் கோமதிக்குச் செய்து காட்டினார். பட்ஸ் கூடவே கூடாது, வலி தீரும்வரை குழந்தையை அண்டவிடக் கூடாது என்றார்.

சில வாரம் கழித்து மூன்று பேருமாக பப்லுவோடு வந்தார்கள். குழந்தை அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றது. டாக்டர் காதைத் தூக்கக் கை நீட்டுவதற்குள் பரமேஸ்வரன் முந்திக்கொண்டார்.

"நான் பாத்துட்டேன் மேடம். நாத்தமே இல்ல."

"நீங்களா பாத்தீங்க?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "சாமிக்குப் பண்றத மோந்துகூட பாக்கக் கூடாது, எங்க வழக்கம். இவன் காத மட்டும் வாராவாரம் மோந்து பாக்கறேன்."

நாய் வளர்க்கிற பிள்ளைகளே, வாரம் ஒரு முறை காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சாமி சமையலையே முகராத அவரே முகர்கிறார், உங்களுக்கு என்ன கூச்சம்?