மஞ்சள் இறங்கிய நீலத் தட்டு

எழுபதுகளில் மெல்பேர்னில் நாங்கள் குடியிருந்த தெருவில், எங்களோடு முகங்கொடுத்துக் கதைத்தவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருவர்தான். நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொண்டதும் அவரே. அவர் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. அவ்வளவுதான் கதை.

ஒரு வெள்ளிக்கிழமை, நீலப் பறவைகள் வரைந்த பழைய பீங்கான் தட்டொன்றில் அவர் கேக் தந்தார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களில் யாருக்கு உண்டு? மஞ்சள் தூக்கலாகப் போட்டு உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்து, எண்ணெய் மினுங்க நிரப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி வந்து இருந்தேன்.

அடுத்த நாள் பிள்ளையோடு அருங்காட்சியகத்துக்குப் போனோம். இங்கிலாந்தின் பழைய பீங்கான்கள் வைத்திருந்த அறையில், கண்ணாடிக்குப் பின்னால் அதே மாதிரித் தட்டு! அதே பறவைகள், அதே வளைந்த விளிம்பு. நூற்றைம்பது வருடப் பழசாம். மேற்பூச்சில் தலைமயிர் போல வெடிப்புகள் ஓடியிருப்பதால், எண்ணெயோ சாயமோ உள்ளே இறங்கினால் பிறகு போகாது என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

“ஐயோ, இஞ்சாருங்கோ, இதெல்லே அந்தத் தட்டு!”

கணவர் குனிந்து பார்த்தார். “ஓம், அதேதான். நீர் ஏன் மஞ்சளை அள்ளிக் கொட்டினனீர்?”

“சும்மா இருங்கோ! மிச்சத்தை மூக்கு முட்டத் திண்டது ஆர்?”

ட்ராமில் வரும்போதும் அதே யோசனைதான். இனிப் பிள்ளையைக் கொண்டுவராதே என்று அவர் சொல்லிவிட்டால்? திங்கட்கிழமை இவளை எங்கே விடுவேன்? அந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? அவர் கோபித்தாலும் நியாயம்தானே என்று நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே அவர் கதவைத் தட்டினேன். மகள் என் கையை உதறிவிட்டுக் குசினிக்கு ஓடினாள். அங்கே அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தட்டு இருந்தது. கழுவித்தான் இருந்தது, ஆனால் வெடிப்புகள் எல்லாம் மஞ்சள் கோடுகளாகத் தெரிந்தன. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவள், பாதியில் அழுதுவிட்டேன்.

அவர் மகளைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, பாணுக்கு வெண்ணெய் பூசி, துண்டு துண்டாக வெட்டி அந்தத் தட்டிலேயே வைத்தார். பறவைகளைக் காட்டினால்தான் இவள் வாய் திறப்பாளாம். நான் விட்டுவிட்டுப் போகும் நாளெல்லாம் இவளுக்கு அதில்தான் சாப்பாடாம்.

“போன மாதம் மியூசியத்திலிருந்து வந்து இதையும் கேட்டார்கள்,” என்றார். “தட்டு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.”