இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. நேரம் எப்படி நினைவிருக்கிறது என்றால், அந்த நிமிடம்தான் நர்ஸ், மருந்து ஏற்றிக்கொள்ளப் படுத்திருந்த என் மகள் பவித்ராவுக்குச் சூடான போர்வையைப் போர்த்திவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணினியில் எதையோ பதிந்தார். அமெரிக்க மருத்துவமனைகளில் போர்வையைச் சூடாக்கி வைப்பதற்கென்றே ஓர் அலமாரி இருக்கிறது. ரொட்டி அடுப்பைத் திறப்பதுபோலத் திறந்து ஒன்றை உருவிக்கொண்டு வருவார்கள். இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு அது பழகவில்லை. காசிமேட்டில் பிறந்தவளுக்குப் போர்வை என்பதே மார்கழியில் ஒரு வாரம் பெட்டியிலிருந்து வெளியே வரும் பொருள். பவி கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "ஸ்வர்க்கம்மா" என்றாள். அப்போதுதான் வாசலில் நின்ற அலுவலகப் பெண் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

நடைபாதையில் வைத்து, மகளுக்கு இரண்டாவது காப்பீடு எது என்று கேட்டாள். "மெடிகேர் வந்துவிட்டது" என்றேன் கொஞ்சம் பெருமையாகவே. முதியவர்களுக்கும் வேலை செய்ய இயலாதவர்களுக்கும் அரசாங்கம் தரும் காப்பீடு அது; அதற்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் நாங்கள். "அது முதலாவது" என்றாள் அவள். "நான் கேட்பது இரண்டாவது." மெடிகேர்தான் எங்களுக்கு இரண்டாவது, முதலில் என் கணவரின் கம்பெனிக் காப்பீட்டில் இருந்தாள் என்று நான் விளக்க, அவள் பொறுமையாகத் தலையாட்டி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் மீன் விலை கேட்பவரிடம் பஸ் வழி சொல்வதுபோல இருந்தது. கடைசியில் புரிந்தது. மருந்துச் செலவில் நூற்றுக்கு எண்பதை மெடிகேர் கொடுக்கும். மீதி இருபதை யார் கொடுப்பது? அந்த இருபதுக்கு உச்சவரம்பு கிடையாது. இருபது என்று கேட்டால் சின்னதாகத்தான் இருக்கிறது. இந்த மருந்தின் விலையில் அது எங்கள் வீட்டின் அரை வருட வருமானம். ஒரு பகுதியையாவது முன்பணமாகக் கட்டாமல் இன்று ஏற்ற முடியாது என்றாள். ரத்து என்று சொல்லவில்லை, ரீஷெட்யூல் என்றாள். நர்ஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்து போர்வையை எடுத்தார். அது இன்னும் சூடாகவே இருந்தது.

பவிக்கு வந்திருப்பது கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும் நோய். இருபத்து மூன்று வயதில், வேலைக்குச் சேர்ந்து நிலைகொள்ளும் நேரத்தில், ஒரு வாரத்துக்குள் வலது கண் அணைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்றினால் அடுத்த தாக்குதல் வராமல் தடுக்கலாம். தவறினால் இடது கண்ணுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருந்தார். இருபத்தாறு வயதுவரை அப்பாவின் காப்பீட்டில் பிள்ளைகள் இருக்கலாம் என்பது இங்கே சட்டம். அதனால் இதுவரை ஓடியது. வேலை செய்ய இயலாதவள் என்று அரசாங்கம் அவளை ஏற்றுக்கொண்டு மெடிகேர் அட்டை வந்ததும், இருபத்தாறாவது பிறந்தநாள் வந்ததும் ஒரே பருவத்தில். பாயசம் வைத்தேன். ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன்.

அந்த இருபதுக்கென்று தனியார் கம்பெனிகள் சப்ளிமென்ட் என்ற துணைக் காப்பீட்டை விற்கின்றன. அன்று மாலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். இசை ஓடி ஓடி, கடைசியில் ஓர் ஆள் கிடைப்பார். "உங்கள் அம்மாவுக்கா?" என்பார் அன்பாக. இல்லை, மகளுக்கு. "மகளுக்கா? வயது?" இருபத்தாறு. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்கும். எங்கள் மாநிலத்தில் அறுபத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். ஒருவர் மிகவும் கனிவாக, "அறுபத்தைந்து ஆனதும் கூப்பிடுங்கள், எங்களிடம் நல்ல திட்டங்கள் இருக்கின்றன, இந்த நாள் இனிதாகட்டும்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. எழுதிக் கொடுத்ததை வாசித்தார். மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் திட்டம் ஒன்றில் சேரலாம், அதில் செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்றார்கள். அதில் எங்கள் மருத்துவர் இல்லை, மருந்துக்கும் முன் ஒப்புதல் வேண்டும், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஏழைகளுக்கான உதவிக்கு மனுப் போட்டோம். பவிக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகை அதன் வரம்பைச் சற்றே தாண்டிவிடுகிறதாம். ஒவ்வொரு கதவிலும் மரியாதையான ஒரு மனிதர் நின்று, அடுத்த கதவைக் காட்டினார்.

எங்கள் ஊரில் மருத்துவம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரியாஸ்பத்திரி வராண்டாவில் பாயோடு படுத்துக்கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி என் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான். ஆனால் அங்கே நின்று கத்தலாம். யாராவது ஒருவர் திரும்பிக் கத்துவார், சண்டை முற்றும், சண்டையின் முடிவில் ஒரு கட்டில் கிடைக்கும், அல்லது கிடைக்காது. இங்கே கத்துவதற்கு எதிரில் ஆள் இல்லை.

என் தம்பி ஏழுமலையிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். அவன் காசிமேட்டில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் பேசும்போது குரலிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னாக்கா, தொண்டை கட்னாப்ல கீது? பாப்பாக்கு பாட்டில் ஏத்தினாங்களா இல்லியா?"

"இல்லடா. இன்சூரன்சு ஒத்துக்கல."

"பாட்டில் ஏத்தறதுக்கு இம்மாம் பேஜாரா? இங்க தண்டையார்பேட்டைல காய்ச்சலுக்கே கேட்டு ஏத்திகினு போறானுங்க." அவனுக்குப் பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை கேட்டது. "மருந்து பேர அனுப்பு. நம்மூர்ல கெடைக்குதான்னு பாக்கறேன்."

கிடைத்தது. அதே வகையைச் சேர்ந்த பழைய மருந்து, நம் நாட்டிலேயே தயாராவது. இங்கே நாங்கள் கட்டவேண்டிய இருபதை வைத்து அங்கே பல வருடங்களுக்கு வாங்கிவிடலாம். மருத்துவமனையில் கேட்டேன். வெளியிலிருந்து கொண்டுவரும் மருந்தைத் தொடக்கூட மாட்டோம் என்றார்கள். ஊருக்கு வெளியே சிறிய கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவர் மட்டும், நீண்ட நேரம் யோசித்து, முத்திரை உடையாமல், குளிர்ச்சி விட்டுப்போகாமல் வந்தால் பார்க்கலாம் என்றார். அவருடைய நர்ஸ் இரண்டு விரலைக் காட்டி, பிறகு எட்டு விரலைக் காட்டினார். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே. அதற்கு மேலே போனாலும் வீண், கீழே போய் உறைந்தாலும் வீண். உறைந்த மருந்து மறுபடி உருகினாலும் அது வெறும் தண்ணீர், அதை ஏற்றமாட்டோம் என்றார்.

பவியின் பட்டமளிப்புக்கென்று எடுத்த பத்து வருட விசா ஏழுமலையிடம் இருந்தது. அந்தச் சமயம் கம்பெனியில் லீவு கிடைக்காமல் அவன் வரவே இல்லை. இப்போது லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஐஸ் என்றால் எங்கள் வீட்டில் அப்பாவின் பேச்சு. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவது அவர் வேலை. பெரிய பாளங்கள் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து அரவை இயந்திரத்துக்குள் விழும். தூளாகிக் குழாய் வழியே படகின் வயிற்றுக்குள் கொட்டும். பள்ளிக்கூடம் விட்டு நானும் ஏழுமலையும் அங்கேதான் போவோம். சிதறிய துண்டுகளை வாயில் போட்டுக்கொள்வோம். உப்பும் டீசலும் கலந்த ருசி. நடுக்கடலில் பத்து நாள் கிடக்கிற மீன் கரைக்கு வரும்போது கண் மங்காமல் இருக்கவேண்டும். இன்னும் போடு, இன்னும் போடு என்பதுதான் நைனா எங்களுக்குச் சொன்ன ஒரே தொழில் ரகசியம். தூளின் மேல் கைப்பிடி உப்பைத் தூவுவார். உப்பு விழுந்தால் ஐஸ் தன்னைவிடக் குளிர்ந்துபோகும். குளிர் குறைந்து கெட்ட மீனை அவர் பார்த்திருக்கிறார். குளிர் கூடிக் கெட்டதாக ஒன்றை அந்தத் துறைமுகத்தில் யாருமே பார்த்ததில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஏழுமலை கூப்பிட்டான்.

"ரெண்டுலேர்ந்து எட்டுடா," என்றேன். "மறக்காத."

"எட்டு இன்னா எட்டு, அதுக்கும் கீழயே வெச்சு எட்த்துகினு வரேன் பாரு."

"ரொம்ப கீழயும் வேணாம்டா. மெடிக்கல் ஷாப்புல ஒரு பை குடுத்திருப்பாங்களே, அதுலயே வெச்சுக்க."

"அந்த பையா? அத்த நம்பி பாரிஸ் கார்னர் வரைக்கும் கூட போவ முடியாது. இருவது மணி நேரத்துக்கு மேல பிளேன்ல கெடக்கணும். கம்பெனி தெர்மக்கோல் பெட்டி கீது, நான் பாத்துக்கறேன். ஐஸப் பத்தி எனுக்கே க்ளாஸ் எடுக்கிறியா? நைனா கேட்டா சிரிப்பாரு."

நானும் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். இங்கே ஒரு தொலைபேசிக் குரலும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று என்னிடம் சொன்னதில்லை. அந்த வார்த்தைக்குக் குறுக்கே போய், இன்னொரு தடவை டிகிரி கணக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாட்களில் பவி தினமும் காலையில் ஜன்னலுக்கு வந்து எதிர்வீட்டுத் தபால்பெட்டியைப் பார்ப்பாள். இங்கே தபால்பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு சின்னத் தகடு கொடி இருக்கும். கடிதம் அனுப்ப வேண்டியிருந்தால் அதை நிமிர்த்தி வைப்பார்கள். கண் நரம்பு வீங்கினால் முதலில் வெளுப்பது சிவப்புதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "இன்னிக்கும் சிவப்புதாம்மா" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் வீடு ஒரு பகல் முழுவதும் நின்றது. மருந்துக்கான தேதி தாண்டி வாரங்கள் போயின. ஏழுமலை வந்திறங்கும் நாளன்று அவள் ஜன்னலில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றாள். "வெயில்ல பெயின்ட் போயிருக்கும்ல?" என்றாள். அப்போது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, விமான நிலையத்துக்குச் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டார்.

மதியம் ஏழுமலை உள்ளே வந்தான். தலையில் மஃப்ளர், கடன் வாங்கிய கோட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்த வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டி. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது மருத்துவரின் சீட்டைக் காட்டி, "மை சிஸ்டர் டாட்டர்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னானாம். தண்ணீர்கூடக் குடிக்காமல் சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்துப் பழுப்பு டேப்பைக் கிழித்தான். குப்பென்று இறால் வாடை வந்தது. பவி கையால் தடவிக்கொண்டே வந்து மேசையோரம் நின்று, "மாமா, கடல் வாசனை" என்று சிரித்தாள். இந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு பகலில் கடலை எட்டமுடியாது.

உள்ளே நீலநிற ஐஸ் பைகள். கம்பெனியின் ஃப்ரீசர் அறையில், இறால் கல்லாகிற குளிரில், ஓர் இரவு முழுக்க வைத்து எடுத்தவை. ஒன்றோடு ஒன்று மோதியபோது செங்கல்போலச் சத்தம் கேட்டது. அவற்றின் இடுக்கில், அட்டைப்பெட்டி ஈரமாகிவிடக்கூடாதென்று பாலிதீன் சுற்றி, நான்கு குப்பிகள். முத்திரை அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சாய்த்தேன். தலைகீழாகத் திருப்பினேன். உள்ளே எதுவும் அசையவில்லை. அடுத்ததை எடுத்தேன். விரல் நுனிகள் மரத்துப்போயின. கதவருகே நின்ற என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லச் சுவரில் சாய்ந்தார்.

ஏழுமலை கோட்டைக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில், நைனா சுமையை இறக்கிவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்க்கும் அதே பார்வை.

"இன்னாக்கா, வாயே தொறக்க மாட்ற?" என்றான். "நல்லா தொட்டுப் பாரு. காசிமேட்டு ஐஸு. அமெரிக்கா வந்தும் ஒரு சொட்டு கரையல."