புங்கமரத்தடியில் ஒரு செங்கல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாளில், திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற வழியில் உள்ள ஒரு தோட்டத்தில் நடந்தது இது. என் பிள்ளைகளுக்கு இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். "எங்ககிட்ட சொன்ன மாதிரியே எழுதுங்க அத்தா, மத்த பிள்ளைகளும் படிக்கட்டும்" என்று மகள் சொன்னதால் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பேசுகிற மாதிரிதான் எழுத வரும்.

எனக்குத் திண்டுக்கல் டவுனில் வீடு. எல்லோரும் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். தோட்டம் தோட்டமாகப் போய்க் காய்கறியை ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் வேலை. நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழ வேண்டும். மதியத் தொழுகைக்கு லுஹர் என்று பெயர். அந்த நேரத்தில் பெரும்பாலும் நான் ஏதாவது ஒரு தோட்டத்தில்தான் நிற்பேன். காய் பறித்து முடிகிறவரை காத்திருக்க வேண்டுமே. அதற்குள் கை, கால், முகம் கழுவி, துண்டை விரித்துத் தொழுதுவிடுவேன்.

அப்படி நான் வழக்கமாகப் போகிற ஒரு தோட்டம் உண்டு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர்தான் பாடுபடுகிறவர்கள். அவரை நான் அண்ணே என்பேன், அந்த அம்மாவை அக்கா என்பேன். அண்ணன் என்னைப் பாய் என்பார், அக்கா தம்பி என்பார். மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு புங்கமரம் நிற்கும். நான் எப்போதும் அதன் அடியில்தான் தொழுவேன். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ஒரு செங்கல் வந்து உட்கார்ந்தது. நான் துண்டு விரிக்கிற இடத்தின் மேற்கு ஓரத்தில். எதற்கோ கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறு வற்றி, அடியில் பாறை தெரிந்தது. வெண்டை எல்லாம் காய்ந்து குச்சி குச்சியாக நின்றது. தென்னை மரங்களில் மட்டைகள் தொங்கிப்போயின. முருங்கை மட்டும்தான் ஏதோ காய்த்துக்கொண்டிருந்தது. அதை ஏற்றத்தான் நான் போவேன். மாட்டைக்கூட அக்காவின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடிக்கிற தண்ணீர் டிராக்டரில் வந்தது.

ஒரு நாள் நான் தொழப் போகும்போது, அக்கா குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார்.

"குடிக்கிற தண்ணியிலயா கால் கழுவுறது? வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் தட்டினேன். ஒட்டின தூசியை ஊதிவிட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டேன்.

"என்ன தம்பி, மண்ணை அள்ளிப் பூசிக்கிறீங்க?"

"தண்ணிக்குத் தட்டுப்பாடுன்னா சுத்தமான மண்ணு போதும்க்கா. தண்ணிக்குப் பதிலா மண்ணு. எங்க மார்க்கத்துல அப்படி இருக்கு."

அண்ணன் கொஞ்சம் தள்ளி முருங்கைக்காய்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், அந்த மண்ணைப் பார்த்தார். மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வாரம் போனபோது தோட்டத்துக்குள் போர் போடுகிற லாரி நின்றது. இருக்கிறதையெல்லாம் புரட்டி ஒரே ஒரு குழி போட ஏற்பாடு. அக்கா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். "இதுல தண்ணி வரலைன்னா திருப்பூர் போயி பனியன் கம்பெனியில சேர்ந்துர வேண்டியதுதான் தம்பி. நிலத்தைப் பூட்டி வெக்கவா முடியும், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

லாரி கிழக்கு மூலையில், வெறும் பாறைக்காட்டில் நின்றது. புங்கமரத்தடியில் நீரோட்டம் பார்க்கிற பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தேங்காய். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அவர் நிலத்தில் நடப்பார். அடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

"வாங்க பாய். நீங்களாவது கேளுங்க. தேங்கா நட்டமா நின்ன எடம் இது" என்று செங்கல்லைக் காட்டினார். "இவரு போடப் போறது அங்க. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. அங்க போட்டா பாறை மாவுதான் வரும். தோசை சுடலாம்."

நான் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது சரிவராதுங்க பாய். விடுங்க."

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "தம்பி, அது நீங்க தொழுவுற எடம். அதுல எப்படிக் குழி போடுறதுன்னு நேத்துலருந்து சோறு எறங்கல இவருக்கு. அந்தச் செங்கல்லே இவரு வெச்சதுதான். யாரும் மிதிச்சுரக் கூடாதுன்னு. நீங்க வார அன்னைக்கெல்லாம் என்னைய அந்த எடத்தைக் கூட்டிப் பெருக்கச் சொல்வாரு."

அப்போதுதான் அண்ணன் வாய் திறந்தார். "நெத்தி வெச்ச எடமுங்க. அன்னைக்கு அந்த மண்ணை மூஞ்சியில பூசுனீங்க. நானும் பாத்தேன். எங்க கோயில் வாசல்ல ஒருத்தன் மெஷினை எறக்குனா எனக்குத் தாங்குமா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணே, நெழலுக்காகத்தாண்ணே அங்க தொழுதேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"எனக்காகச் சொல்றீங்க பாய்."

இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். எந்த மண்ணாக இருந்தாலும், சுத்தமாக இருந்தால் அது தொழுகிற இடம்தான் என்று எங்கள் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதைச் சொன்னேன். பள்ளிவாசலில் தொழுவது சிறப்பு; ஆனால் வழியில் தொழுகிற இடத்துக்கென்று தனி அந்தஸ்து கிடையாது, தொழுது முடித்துத் துண்டை உதறினால் அது பழையபடி தோட்டம்தான் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. நல்ல மனுஷன் இன்னொரு நல்ல மனுஷனுக்காகப் பொய் சொல்கிறான் என்றே நினைத்தார்.

லாரிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்ணா, எங்க எறக்கறதுன்னு ஒரு முடிவு சொல்லுங்க. இன்னொரு எடத்துக்கும் போகோணும்."

லுஹர் நேரம் வந்திருந்தது. வாயால் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. நேராகக் காய்ந்த வெண்டைக் காட்டுக்குள் போனேன். நிழல் என்று ஒரு பொட்டு இல்லை. மண்ணில் கையைத் தட்டி முகத்தில் தடவிக்கொண்டேன். குச்சிகளுக்கு நடுவில் துண்டை விரித்து, மேற்கே பார்த்து நின்றேன். பாதம் கொதித்தது. ஸஜ்தாவில், அதாவது குனிந்து தரையில் தலையை வைத்தபோது, துண்டையும் மீறி நெற்றி சுட்டது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குப் போல மனசு ஒருமித்து நான் தொழுததே இல்லை. யா அல்லாஹ், இந்த மனுஷனுக்கு என்னால் ஒரு நஷ்டம் வந்துவிடக் கூடாது என்று கேட்டேன்.

தொழுது முடித்துத் திரும்பினால், அண்ணன் எனக்குப் பின்னால் வரப்பில் நிற்கிறார். அந்தக் கொதிக்கிற மண்ணில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு. தொழுகை முடிகிறவரை அப்படியே நின்றிருக்கிறார்.

"அம்புட்டுத்தானா பாய்? எங்க வேணாலுமா?"

"எங்க வேணாலும்ணே."

"அப்ப அந்த எடத்துல தொளை போட்டா உங்களுக்கு மனசு நோவாது?"

"நான் நெத்தி வெச்ச எடத்துலருந்து தண்ணி வந்து, அதை ஒரு மாடு குடிச்சா, ஒரு மரம் குடிச்சா, எனக்கு அதைவிட என்னண்ணே வேணும்? தண்ணி கொடுக்கிறது எங்களுக்குப் பெரிய தர்மம்."

கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்ப அந்தச் செங்கல்ல நீங்களே எடுத்துருங்க. நான் எடுக்க மாட்டேன்."

நான் போய் எடுத்தேன்.

லாரி புங்கமரத்துக்கு வந்தது. சூடம் ஏற்றினார்கள். உடைக்கத் தேங்காய் தேடியபோது எல்லோர் கண்ணும் பெரியவர் மடிக்குப் போனது. "ஏப்பா, இது தொழில் தேங்கா. இதை உடைச்சுட்டு நான் சோத்துக்கு எங்க போறது?" என்று அவர் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்கு ஓடி வேறு தேங்காய் எடுத்து வந்தார். அண்ணன் கும்பிட்டு உடைத்தார். நான் மனசுக்குள் பிஸ்மில்லாஹ், அல்லாஹ்வின் பெயரால் என்று சொன்னேன்.

மெஷின் இறங்கியது. முதலில் செம்மண், அப்புறம் வெள்ளை மாவு. புகை மாதிரித் தூசி கிளம்பி மரம், மனுஷர், என் வண்டி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. குழாய் மேல் குழாயாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தூசிதான் வந்தது. இங்கே போடச் சொன்னவன் நான். தண்ணீர் வராவிட்டால் இந்த இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் பஸ்ஸில் ஏறுவதை நான்தானே பார்க்க வேண்டும்? அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்துவிட்டார். பெரியவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் இன்னொரு குழாயை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் தூசி அடங்கின மாதிரி இருந்தது. வெளியே வந்து விழுந்த மாவு கறுத்திருந்தது. அண்ணன் குனிந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினார். உருண்டையாக நின்றது. அதை அப்படியே என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று இருந்தது. அந்த வெயிலில், அவ்வளவு ஆழத்திலிருந்து வந்த குளிர்ச்சி. நாங்கள் நிமிர்வதற்குள் சேறு பீறிட்டது, அதற்குப் பின்னாலேயே தண்ணீர். அண்ணன் அந்தச் சேற்றுத் தண்ணீருக்கு அடியில் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். நான் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றேன். எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஒரே தண்ணீர்தான் விழுந்தது.

பிள்ளைகளே, தேங்காய் எழுந்து நிற்கிற விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே தண்ணீர் வைத்தவன் அல்லாஹ், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனுக்குத் தேங்காய் மேல் முழு நம்பிக்கை இருந்தது. தன் பிழைப்பே அந்தச் செங்கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே, அது இன்னொருத்தன் நெற்றி வைத்த இடம் என்பதற்காக அதைவிட்டு விலகிப் போனாரே, அதைத்தான் நான் இன்றைக்கும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வந்தது பெரிய அதிசயம்தான். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

மோட்டார் மாட்டிய பிறகு போனேன். இரண்டு இன்ச் குழாய் நிறையத் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. மாடு திரும்பி வந்திருந்தது. அக்கா கூப்பிட்டார்: "தம்பி, இன்னைக்கு மண்ணெல்லாம் பூச வேணாம். வந்து நல்லாக் கழுவுங்க." கை, கால், முகம் கழுவினேன். பிறகு துண்டோடு எந்த இடம் என்று சுற்றிப் பார்த்தபோது, அண்ணன் வரப்பில் வெறுங்காலோடு வந்தார்.

"என்னண்ணே, செருப்பு எங்க?"

"எங்க வேணாலும் தொழுவலாம்னு சொல்லிட்டீங்க. இனி எந்த எடத்தைன்னு நான் மிதிக்கிறதுங்க?"

"முள்ளுக் குத்துனா என்கிட்டத்தான் எடுக்க வருவாரு" என்றார் அக்கா.

எல்லா மண்ணும் தொழுமிடம் என்பதைச் சின்ன வயதிலேயே பள்ளிவாசலில் ஓதிப் படித்தவன் நான்; ஆனால் எந்த ஊர் மண்ணிலும் நெற்றியை வைப்பதற்கு முன் என்னை ஒரு நிமிஷம் தயங்கி நிற்க வைப்பது, அந்த வரப்பில் பார்த்த இரண்டு வெறுங்கால்கள்தான்.