இருபத்தொன்பதும் முப்பத்தெட்டும்

எங்கள் அப்பா எதையும் அழுத்திப் பார்க்காமல் நம்பமாட்டார். பம்பு செட் செய்யும் கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. தண்ணீர் கசியாமல் இருக்க பம்புக்குள் வைக்கும் ரப்பர் வாசர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்தை எடுத்து, ரப்பர் எவ்வளவு கடினம் என்று அளந்து பார்ப்பார். தேறினால் உள்ளே, தேறாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். அளப்பதற்கு ஒரு கேஜ் வைத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்ட டயல், அடியில் சின்னதாக ஓர் ஊசி. ரப்பர் மேல் வைத்து அழுத்தினால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். எண் பெரிதென்றால் ரப்பர் கடினம்.

ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் கேஜ் அவர் சட்டைப்பையில் இருக்கும். செருப்பு, அழிரப்பர், என் சைக்கிள் டயர் எல்லாம் எங்கள் வீட்டில் அளந்தாகிவிட்டது. ஒருமுறை அம்மா சுட்ட இட்லியை அளந்து எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களுக்கு உப்புமாதான்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கணபதி ஏரியாவில் சின்னப் பட்டறை வைத்து அதே மாதிரி வாசர்களைச் செய்துகொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர் இருக்கிற கம்பெனி என்ற தைரியத்தில் ஒரு லோடு அனுப்பினார். இரண்டு பாயின்ட் குறைகிறது என்று அப்பா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு மாமா விருந்துக்கு வந்தபோது அப்பாவே கோழிக்குழம்பை அள்ளி அள்ளி ஊற்றினார். லோடு வேறு, குழம்பு வேறு என்பது அவர் கட்சி. மாமாதான் அந்தச் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தேன். மாவட்டப் போட்டிக்கு நான்கு பெண்கள் போகவேண்டும். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மீதி ஓர் இடத்துக்கு எனக்கும் எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்திக்கும் சனிக்கிழமை ஆட்டம் வைத்திருந்தார்கள். என் பேட்டில் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. புதிதாக ஒட்டியே தீரவேண்டும்.

எதை ஒட்டுவது என்பதில்தான் தகராறு. பேட்டில் ஒட்டுகிற ரப்பருக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு உண்டு. அது எவ்வளவு கடினம், எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறும். அந்த அக்கா இருப்பதிலேயே கடினமான, இருப்பதிலேயே தடிமனான ஸ்பாஞ்சு போட்டிருந்தாள். அவள் அடித்தால் பந்து டப்பென்று வெடிக்கும். எனக்கும் அதுதான் வேண்டும் என்றேன். எங்கள் பி.டி. மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கடின ஸ்பாஞ்சை அமுக்குவதற்கு முழுக்கையை வீசி அடிக்கவேண்டும், நீ தொட்டுத் தொட்டு ஆடுகிறவள், உனக்குப் பந்து வலையில்தான் போய் விழும், மெத்தென்று இருக்கிற மெல்லிசு ஸ்பாஞ்சு போதும் என்றார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, மிஸ்ஸிடம் இருந்த, ரகத்துக்கு ஒன்றாக ஒட்டிய இரண்டு பேட்டுகளையும் வாங்கினார். ரப்பர் வந்த பாக்கெட்டில் அச்சடித்திருந்த எண்ணை அவர் சட்டை செய்யவே இல்லை. சட்டைப்பையிலிருந்து கேஜை எடுத்தார். மெத்தென்று இருந்தது இருபத்தொன்பது காட்டியது, கடினமானது முப்பத்தெட்டு. முள்ளை நேராக நின்று பார்க்கவேண்டும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் தப்பாகத் தெரியும் என்று எனக்கும் மிஸ்ஸுக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். பிறகு இருபத்தொன்பதே எனக்குச் சரி என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, கம்பெனி வேலையாக ஒரு வாரம் வெளியூர் போய்விட்டார்.

நான் அடம்பிடித்துப் படுத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு இல்லாவிட்டால் சனிக்கிழமை போகவே மாட்டேன் என்றேன். எனக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதத்தை அம்மா நெய் ஊற்றி எதிரில் வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. (அவர் அடுப்படிக்குப் போனதும் இரண்டு வாய் எடுத்துப்போட்டது தனிக்கதை.) இரண்டாம் நாள் அம்மா தம்பிக்குப் போன் செய்தார். மாமா வந்தார், என் கதையை முழுக்கக் கேட்டார்.

"அவ்வளவுதானே கண்ணு, பேட்டக் கொடு. நாளைக்கு ஒட்டிக் கொண்டாந்து போடறேன்," என்றார்.

மறுநாள் சொன்னபடியே கொண்டுவந்தார். புது ரப்பர் சிவப்பாகப் பளபளத்தது. ஸ்பாஞ்சு தெரியாதபடி ஓரம் முழுக்கக் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. கூடவே காலி பாக்கெட்டையும் கொடுத்தார். 'ஹார்ட்' என்றும், தடிமனுக்கு 'மேக்ஸ்' என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டேன்.

ரப்பர் வாங்கப் போன கடையில் நடந்ததைப் போன வருஷம்தான் மாமா என்னிடம் சொன்னார். கடையிலிருந்தே மிஸ்ஸுக்குப் போன் செய்து கேட்டு, அவர் சொன்ன மெத்தென்ற மெல்லிசு ஸ்பாஞ்சையே வாங்கி ஒட்டியிருக்கிறார். இரண்டு ரகத்துக்கும் ரப்பர் மேலே ஒரே பெயர்தான் அச்சடித்திருக்கும். பாக்கெட் மட்டும்தான் வேறு. கடைக்காரரிடம் பேசிப் பேசி, கடின ரகத்தின் காலி பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மாவட்டப் போட்டி முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று மிஸ்ஸும் அவரும் பேசிவைத்துக்கொண்டார்களாம். அப்பாவுக்கும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று மாமாவுக்குப் பயம்.

சனிக்கிழமை நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கையில் இருப்பது கடின ஸ்பாஞ்சு என்று மனதார நம்பினேன். கடின ஸ்பாஞ்சுக்கு முழுக்கையை வீசவேண்டும் என்று மிஸ் சொன்னது காதில் இருந்தது. எனவே வீசினேன். தொட்டுத் தொட்டு ஆடுவதை விட்டுவிட்டு முதல் முறையாகத் தோளிலிருந்து அடித்தேன். ஸ்பாஞ்சு பந்தை அழகாக வாங்கி மேசைக்குள்ளேயே இறக்கியது. அந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்தாவது கேம்வரை இழுத்துக்கொண்டு போய் ஜெயித்துவிட்டேன். இடம் எனக்குத்தான்.

அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் சொன்னது எப்படி என்று மிஸ்ஸிடமே கேட்டேன். கடின ஸ்பாஞ்சின் அருமை பெருமைகளை அவருக்கு விளக்கிச் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி, அதையும் இந்த முப்பத்தெட்டை வைத்தே முடித்துவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிறு காலை அப்பா ஊரிலிருந்து வந்தார். நான் ஜெயித்ததைக் கொண்டாட மாமாவும் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீங்கள் சொன்னது தப்பு, முப்பத்தெட்டுதான் எனக்குச் சரி, வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்று அப்பாவிடம் நீட்டினேன். மாமா அவசர அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"இப்பத்தான் வந்திருக்கறீங்க மச்சான். மொதல்ல தண்ணி வாத்துட்டு வாங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

அப்பா அதற்குள் கேஜை வெளியே எடுத்திருந்தார். பேட்டை மேசை மேல் வைத்து அழுத்தினார். நான் அவர் தோளை ஒட்டி எட்டிப் பார்த்தேன். முள் இருபத்தொன்பதில் நின்றது. அப்பா கேஜை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துவிட்டு இன்னோர் இடத்தில் வைத்தார். மறுபடி இருபத்தொன்பது. மூன்றாவது இடத்திலும் அதேதான். மாமா டம்ளரைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அப்பா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு. சரியா இருக்குது அம்மணி," என்றார்.

கேஜைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மாமா மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

நான் இருபத்தொன்பதைப் பார்த்தது எனக்குத் தெரியும். ஆனால் நான் நின்றது பக்கவாட்டில். பக்கவாட்டில் பார்த்தால் தப்பாகத் தெரியும் என்று அப்பாவே சொல்லியிருந்தார். எங்கே நின்று பார்த்தாலும் ஒன்பது பாயின்ட் வித்தியாசம் வராது என்று யோசிக்கிற வயசில்லை. அப்பா சொன்ன எண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எனவே என் கண்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டு, பேட்டை எடுத்துக்கொண்டு ஆடப் போய்விட்டேன். அப்பாவுக்குப் பொய் எண் சொல்ல வரும் என்பது, அதுவும் எனக்காக வரும் என்பது, அன்றைக்கு எனக்குத் தெரியாது.