தவளை டீச்சர் விழுங்கிய சொல்

பல்கலைக்கழகத்தில் அவளுக்குத் தவளை டீச்சர் என்று பெயர். விலங்கியல் துறையில் சேர்ந்த புதிதில் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்தாள். அறுப்பது நின்றுபோய், தவளைகளெல்லாம் கணினித் திரைக்குள் குடியேறிய பிறகும் பெயர் மட்டும் நகரவில்லை. யாராவது அப்படிச் சொல்வது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி நடந்துபோவாள். விழாத மாதிரி இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

பாலினம், பாலியல் பற்றி எல்லாத் துறைகளும் சேர்ந்து ஒரு பாடம் நடத்துவது என்று முடிவானபோது, விஞ்ஞானப் பக்கத்திலிருந்து யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைய கூட்டத்துக்கு வராதவள் இவள் ஒருத்திதான். ஆகவே இவள் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியது நல்லதாகவே போயிற்று. பெண் மீன் செத்துப்போனால் கூட இருந்த ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும் கோமாளி மீனைப் பற்றி அவள் நடத்திய வகுப்புக்கு, சட்டம், வரலாறு, இலக்கியம் என்று எங்கிருந்தெல்லாமோ மாணவர்கள் வந்து ஜன்னல் விளிம்பில்கூட உட்கார்ந்தார்கள். இயற்கைக்கு இதில் ஒரு கூச்சமும் கிடையாது, கூச்சமெல்லாம் நமக்குத்தான் என்று அவள் முடித்ததும் அப்படி ஒரு கைதட்டல்.

வீட்டுக்குப் போனால் கதை வேறு.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. தம்பி என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். வளர்ந்த பிறகு, தான் பெண் என்று சொன்னாள். வீட்டில் நடந்த ரகளையில் கிளம்பிப் போனவள்தான், இப்போது வேறு ஊரில் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அக்காவோடு மட்டும் போனில் பேசுவாள். பேசியதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமே, அங்கேதான் சிக்கல். ‘சொன்னான்’ என்றால் தங்கைக்குத் துரோகம். ‘சொன்னாள்’ என்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள்.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தாள். “போன் வந்துச்சும்மா. காய்ச்சல் விட்டுடுச்சாம். சாப்பிட்டாச்சாம்.” யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிட்டது, ஆணா பெண்ணா, இலக்கணத்துக்கே தெரியாது. பெயர் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ‘சின்னது’. கடைக்குட்டிக்கு வீட்டில் பிறந்ததிலிருந்தே அதுதான் பெயர் என்பது பெரிய உபகாரமாகப் போயிற்று. முன்பெல்லாம் தங்கையிடம் வாய்க்கு வாய் ‘டா’ போட்டுத் திட்டுவாள். அதை நிறுத்திவிட்டாள். ஆனால் அந்த இடத்துக்கு ‘டி’ வரவில்லை, அது காலியாகவே கிடந்தது. ஆசிரியர் அறையிலோ, தம்பி வெளிநாட்டில் இருக்கிறான் என்று எப்போதோ சொல்லிவைத்துவிட்டாள்.

கூட்டுப் பாடத்தின் கூட்டங்களில் சொற்களுக்காகவே சண்டை நடக்கும். மருத்துவத் துறையிலிருந்து வரும் டாக்டர் எல்லாரையும் ‘கேஸ்’ என்பார். சட்டத் துறை வக்கீல் சார் ‘மனுதாரர்’ என்பார். இலக்கியத் துறைக்காரர், எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்குள் வன்முறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கடைசியில் டீச்சர்தான் ஒரு தீர்ப்புச் சொன்னாள். யாரைப் பற்றிப் பேசினாலும் ‘அவர்’ என்றே பேசுவோம், மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, தப்பும் வராது. எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டில் பழகிய வித்தை வெளியிலும் கைகொடுத்தது.

பிறகு ஒருநாள் வக்கீல் சார், தன் கட்சிக்காரர் ஒருவர் வகுப்பில் வந்து பேச ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றார். பெயர் மாற்ற வழக்கில் ஜெயித்தவராம், பல் செட் செய்பவராம். டீச்சருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அன்று மாலையே தங்கைக்குப் போன் போட்டாள். வராதே என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரம் பயணம் செய்யணுமே, லீவு கிடைக்குமா, உடம்பு தாங்குமா என்று சுற்றி வளைத்தாள். தங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“நீ அங்க இருக்கேன்னு தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன். அத்தனை பேர் முன்னாடி நீ என்னை யாருன்னு சொல்லப்போறேன்னு பாக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு.”

அறிமுகம் செய்யும் வேலையும் டீச்சர் தலையிலேயே விழுந்தது. முன்வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அம்மாவின் மூக்கு. கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே போதும், ஆனால் யாரும் பார்க்கவில்லை. ‘என் தங்கை’ என்பது டீச்சரின் தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. எதிரே டாக்டர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுத் தம்பியைப் பற்றி அடிக்கடி விசாரிப்பவர் அவர்தான்.

“நமது அழைப்பை ஏற்று வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களை வரவேற்கிறேன்” என்றாள் டீச்சர். வாக்கியம் ஒரு பிசிறில்லாமல் வந்தது.

தங்கை நன்றாகவே பேசினாள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எல்லோரும் பல்லைக் காட்டுகிறார்கள், வீட்டை மட்டும் காட்டுவதில்லை என்று சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்தாள். ஒரு மாணவி குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். அக்கா ஒருத்தி இருக்கிறாள், ரொம்ப மரியாதை தெரிந்தவள் என்று மட்டும் சொன்னாள். சொன்னபோது டீச்சர் இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை. எல்லாம் முடிந்து கிளம்புகையில்தான் நேரே வந்து நின்றாள்.

“ரொம்ப நன்றி மேடம்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.  பிறந்ததிலிருந்து டீச்சரை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அது. யார் எப்படிப் போனாலும், எதைக் கேட்டாலும், எத்தனை கோபத்திலும், அந்த அக்கா மட்டும் மாறியதில்லை. கையிலிருந்த மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு வாசலுக்கு விழுந்தடித்து ஓடினாள். தங்கை தலையைக் குனிந்தபடி பஸ் நிறுத்தத்தை நோக்கிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். வளைவில் ஒரு லாரி திரும்பியது.

“டேய், பாத்துடா!”

லாரி போய்விட்டது. தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிறுத்தத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். இந்த அம்மா யாரை ‘டேய்’ என்கிறாள் என்று தேடினார்கள், தேடிக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அதுவரை அந்தச் சாலையில் தங்கை யாரோ ஒரு பெண். இப்போது ஏற இறங்கப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த பெண் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாசத்தில் வந்த சொல்தான். அதுதான் காட்டிக்கொடுத்தது. டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்று, யாரும் கேட்காமலே அந்தப் பெண்ணிடம், “இவ என் தங்கச்சி” என்றாள். 

“இதை உள்ள சொல்லியிருக்கணும்க்கா” என்றாள் தங்கை. “இவங்ககிட்ட எதுக்கு?”

பஸ் வந்து நின்றது. தங்கை, “போறேன்” என்றாள். எப்போதும் ‘போயிட்டு வரேன்’ என்பவள் அன்று அப்படிச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

“அவ வந்திருந்தாம்மா. நம்ம சின்னவ.”

கத்தி நின்றது. அம்மா கத்தவில்லை, எழுந்து போய்ப் படுக்கவும் இல்லை. நறுக்கிய காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ சொல்லப்போய், சொல்லாமல் மூடிக்கொண்டது. பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

“சாப்பிட்டாச்சாமா?”

இவள் பேசிப் பேசிப் பழக்கிய பேச்சு. இத்தனை காலமும் அம்மாவின் காதில் வேறு எதையும் இவள் போட்டதில்லை. அம்மா வேறு சொல்லுக்கு எங்கே போவாள்? டீச்சர் செருப்போடு உள்ளே வந்து, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“சாப்பிட்டாளான்னு நான் கேக்கவே இல்லம்மா.”